வண்டியைத் திருப்ப அளந்த முற்றம்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர், வழி சொல்வது நான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. வழி சரியாக இருந்தால் "எனக்குத் தெரியும்" என்பார். தப்பினால் "நீதானே சொன்ன" என்பார். ஊட்டியோ திருப்பதியோ, எங்கே போனாலும் இந்த வழக்கு எங்களோடு முன்சீட்டில் உட்கார்ந்து வரும். இந்தமுறை கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தது. அங்கே நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போனது ஊர் சுற்ற அல்ல. கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தி, அதை மகனிடம் கொடுத்துவிட்டுக் கை துறுதுறுக்க உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். கொழும்பில் இருக்கும் அவருடைய நண்பர் சிவநேசன், ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் குட்டி வீடு ஒன்றைச் செய்திருந்தார். இரண்டு சக்கரம், வெள்ளைத் தகட்டுச் சுவர், ஒரு கதவு, பூப்போட்ட திரை தொங்கும் ஒரு ஜன்னல். உள்ளே கட்டில், மடக்கு மேசை, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய், கேஸ் அடுப்பு. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம். அதற்கு முன் மலைநாட்டில் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களை அழைத்தார்.

"அண்ணை வண்டியைப் பார்க்கட்டும். வாடகைக்கு எடுக்கிற ஆக்களிட்ட வழி காட்டுறதுக்கு எதைக் குடுத்து விடலாம் எண்டு அக்கா பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் திட்டு வாங்கிய வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் குளிராது?

என் மடியில் மூன்று சாமான்கள் இருந்தன. முதலாவது போன். இரண்டாவது, இழுவை வண்டிகளுக்கென்றே செய்த ஒரு கருவி. சிலேட்டு அளவுத் திரை. வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் அதில் பதிந்துவிட்டால், பாலம் தாழ்வா, வளைவு குறுகலா என்று பார்த்து வழி சொல்லும். இங்கிலீஷ் பேசும் பெண் குரல். என் வீட்டுக்காரர் அவளுக்கு மகராசி என்று பேர் வைத்தார். மூன்றாவது காகித வரைபடம். அதை ஒருமுறை விரித்தால் மறுபடி பழைய மடிப்புக்குக் கொண்டுவர ஆண்டவனே வர வேண்டும்.

பண்டாரவளையில் டீ குடிக்க நிறுத்தினோம். மீன் பணிஸ் சூடாக இருந்தது. எங்கள் ஊர் பப்ஸை விட ஒரு படி மேல்தான், காரம் நாக்கைத் தொட்டுவிட்டு மெதுவாகப் போனது. கடைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கண்ணு டெஸ்ட் பண்ணுற வண்டியா? எத்தன மணிக்குத் தொறப்பீங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் விழுந்தது. நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தால் கசக்கிறது.

பதுளையில் எங்களுக்கு வண்டி நிறுத்த இடம் கொடுத்தவர் றிஸ்வான், சிவநேசனுக்குத் தெரிந்த இரும்புக்கடைக்காரர். கடைக்குப் பின்னால் கம்பியும் குழாயும் அடுக்கிய முற்றத்தில் எங்கள் குட்டி வீடு நின்றது. அவர் வீட்டுச் சாப்பாட்டில் இடியப்பமும் மாட்டிறைச்சிக் கறியும் இருந்தன. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், அவர் மனைவி முகம் சுளிக்காமல் உள்ளே போய் முட்டை பொரித்துக்கொண்டு வந்தார். விருந்தாளியாகப் போய் அடுத்தவர் அடுப்பை மறுபடி பற்ற வைத்தோமே என்று அன்றைக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் போனுக்குப் பரீட்சை. வெலிமடை வரை போய்த் திரும்புவது என்று முடிவு. போன் எப்போதும் குறுக்கு வழிக்காரன். அதன் கணக்கில் நாங்கள் ஒரு கார், அவ்வளவுதான். பின்னால் ஒரு வீடு ஆடிக்கொண்டு வருவது அதற்குத் தெரியாது. சந்தைக்குப் பின்பக்கச் சந்து ஒன்றுக்குள் எங்களை விட்டது. இரண்டு பக்கமும் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் கட்டுகள், காரட் மூட்டைகள். எதிரே உருளைக்கிழங்கு லாரி.

பின்னால் இழுத்து வரும் வண்டியை ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். பதற்றத்தில் இன்னும் ஒடித்தால் ஜீப்பும் வண்டியும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி நிற்கும். மடங்கி நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்க, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "ஐஸ்கிரீம் வேன் தானே, பாட்டு எங்கன்னு கேக்குறாரு." கொக்கியைக் கழற்றி, நாலு பேர் கையாலேயே வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் பேசவில்லை. பேசாதது திட்டுவதை விட மோசம்.

ஆகவே போன் தோற்றது. மகராசிதான் சரி என்று நான் தீர்மானித்தேன். அன்று சாயந்திரமே சிவநேசனுக்குத் தகவலும் அனுப்பிவிட்டேன். பரீட்சை முடியும் முன்னால் மார்க் போட்ட வாத்தியார் நான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நமுனுகுல மலைப் பக்கம் போவதாக இருந்தோம். மகராசி ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டைக் காட்டினாள். அது மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கும், நடுவில் கூடாரம் போடத் தோதான மேடு ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். வழி முழுக்கப் பச்சைக் கோடு.

கிளம்பும்போது றிஸ்வான் கடைக் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "பசறையில ஆரிட்டயாவது கேட்டுப்போட்டு ஏறுங்க அக்கா. மழைக்குப் பொறகு எந்த றோட்டு ஈக்குது, எந்த றோட்டு இல்லண்டு சொல்ல ஏலாது."

பசறையில் தூறல். கண்ணாடியை இறக்கினால் நனையும். கடைவாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள், கூப்பிட்டால் வந்திருப்பார்கள். "கேக்கலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "பச்சையாத்தான் இருக்கு, போங்க" என்றேன். எனக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கருவிக்கு ஒரு ரோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் தெரியாது என்று சொல்லாது. அதற்கும் பச்சைக் கோடுதான் போடும்.

தோட்டத்து ரோடு நன்றாகத்தான் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட தேயிலை, நடுவில் கான்கிரீட் போட்ட இரண்டு தடம். மேலே ஏற ஏறத் தடம் ஒன்றானது, பிறகு அதுவும் கல்லானது. ஒரு வளைவு திரும்பியதும் என் வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்தினார். எதிரே ரோடு இல்லை. மலைச்சரிவு இறங்கி வந்து ரோட்டை மூடியிருந்தது. மண்ணில் புல் முளைத்திருந்ததைப் பார்த்தால், அது நேற்று இன்று சரிந்ததல்ல. மகராசி மட்டும் நேராகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போனில் சிக்னல் இல்லை. ரிவர்ஸ் என்ற பேச்சே எடுக்கவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் கீழே ஒரு பெரிய தகரக் கட்டடமும் அதற்கு முன்னால் ஒரு முற்றமும் தெரிந்தன. பழைய தேயிலை ஃபாக்டரி. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். அந்த முற்றத்துக்குள் நுழைந்து சுற்றினால் திரும்பலாம். "போய் அளந்துட்டு வா. பட்டறையில கண்ணளவுன்னு ஒண்ணு கிடையாது" என்று டூல்ஸ் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

நான் இறங்கினேன். ஒரு கையில் டேப், ஒரு கையில் அந்தத் திரை, மூக்கில் கண்ணாடி, தோளில் பை. நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஸ்டோருக்குள் ஆட்கள் குடியிருந்தார்கள். உடைந்த ஜன்னல்களில் துணி காய்ந்தது. வாசலில் அடுப்புப் புகை. ஒரு பெண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் டேப்பை இழுக்கத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "குடுங்க மிஸ், நான் புடிக்கிறேன்" என்று முனையை வாங்கிக்கொண்டாள். முற்றத்தின் அந்தக் கோடிவரை நடந்து போய், குந்தி உட்கார்ந்து, முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள். நான் அளவைப் படித்துத் திரையில் எழுதிக்கொண்டேன். பிறகு குறுக்கே அளந்தோம். அதற்குள் ஸ்டோரிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து சுவரோரமாக நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளைகளைக்கூட கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள், நான் அளக்கிற இடத்தில் கால் வைத்துவிடக் கூடாதென்று.

என்ன மரியாதையான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

அளவு போதுமாக இருந்தது. ஜீப்பை இறங்கி வரச் சொன்னேன். எங்கள் வெள்ளை வீடு குலுங்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு முனகல். பாதி வட்டம் நன்றாகத் திரும்பியது. பிறகு ஒரு சக்கரம் ஓரத்துக் கானுக்குள், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், இறங்கி நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் ஜாக்கி தேடப் போனார். டேப் பிடித்த பெண் என்னிடம் வந்தாள். அவள் பெயர் லெச்சுமி. "உள்ள பாக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள். கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் கழற்றினார்கள். நாங்கள் இத்தனை நாளும் சேற்றுச் செருப்போடு ஏறி இறங்கிய வண்டி அது. லெச்சுமி கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். குழாயைப் பார்த்து நின்றவளுக்கு மிதிப்பானைக் காட்டினேன். மிதித்ததும் தண்ணீர் வந்தது. "தண்ணி வருது!" என்று வெளியே இருந்தவர்களிடம் சொன்னாள். "சாமி படம் எங்க வைக்கிறது?" என்று வாசலில் நின்ற ஒருத்தி கேட்டாள். "மேல ஒரு பலகை அடிச்சுக்கலாம்டி" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லெச்சுமியே மீதியைச் சொன்னாள். மேலே அவர்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துவிட்டது. எந்த மழையிலும் இறங்கலாம் என்று எல்லாரையும் இந்த ஸ்டோருக்குள் கொண்டு வந்து விட்டார்கள். சேலையும் தகரமும் கட்டி, குடும்பத்துக்கு ஒரு மறைப்பு. ஆபீஸிலிருந்து வந்து பார்த்த ஒரு ஐயா, ரெடிமேடாகச் செய்த வீடு ஒன்றை மாதிரிக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டுவோம், இடத்தை அளந்துகொண்டு போவோம் என்று சொல்லியிருந்தார். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

"சிறுசுதான். பரவாயில்ல" என்றாள் லெச்சுமி, கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தபடி. "நமக்குன்னு ஒரு கதவு இருக்குல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எம் மகளுக்கு வெலிமடையில சம்பந்தம் பேசி வச்சிருக்கு மிஸ். நல்ல பையன். வீடு கெடைக்கட்டும், அப்பறம் தேதி வைப்போம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. ரெண்டு தடவ தள்ளிப் போயிருச்சு. எப்ப மிஸ் தருவாங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் வழி தப்பி வந்தவர்கள், இது வீடு இல்லை, டேப் பிடித்தது வண்டியைத் திருப்ப என்று மூன்று வார்த்தை. வாயைத் திறந்தேன். அந்த நேரம் வெளியே என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "வசந்தா, ஜாக்கி நிக்கல. ஆளுங்கள ஒரு கை புடிக்கச் சொல்லு!" சுவரோரம் நின்ற ஆண்கள் அதற்குள் சாரத்தை மடித்துக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

நான் லெச்சுமியின் முகத்தைப் பார்த்தேன். கானுக்குள் கிடந்த சக்கரத்தைப் பார்த்தேன்.

"பாக்கலாம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் பால்காரர், சீட்டுக்காரர், சொந்தக்காரர் என்று எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் கதவைச் சாத்துகிற வார்த்தை. ஆனால் லெச்சுமி அதைக் கேட்டுத் தலையை ஆட்டிய விதத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அளந்துவிட்டு, வீட்டையும் காட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

ஆண்களும் பெண்களுமாக எத்தனை கை அந்த வண்டியில் விழுந்தது என்று தெரியவில்லை. "ஏலேலோ" போட்டுத் தூக்கினார்கள். சுவர்த் தகடு நெளியக் கூடாதென்று யாரோ சொல்ல, தோளுக்கு மேல் சாக்கு மடித்து வைத்து முட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் வீடு என்று நினைத்தல்லவா தூக்கினார்கள்! வாடகை வண்டிக்கு யாராவது சாக்கு மடித்து வைப்பார்களா? நான் நகர்ந்து நின்று, "மெதுவா, மெதுவா" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சக்கரம் மேலே வந்தது. வண்டி திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றது. ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சேற்றைக் கழுவினார். பால் ஊற்றாத பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் வந்தன. லெச்சுமியைக் காணவில்லை. ஸ்டோருக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் அவள் வேகமாக ஏறிக்கொண்டிருந்தாள். எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால்தான் போன் எடுக்கும் என்று ரொட்டி கொடுத்த பெண் சற்று முன் சொல்லியிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். ரொட்டி கையில் இருந்தது.

மூச்சிரைக்க இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லிட்டேன் மிஸ். அளந்துட்டாங்க, வீடும் வந்து நிக்குதுன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அப்பா இப்பவே ஐயர்கிட்ட நாள் பாக்கப் போறாராம்."

தட்டைக் கீழே வைத்தேன். "லெச்சுமி, நான் ஆபீஸ்ல இருந்து வரல" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூர், சிவநேசன், வாடகை வண்டி, வழி தப்பியது. என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவர் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அளந்தது?" என்றாள் லெச்சுமி.

"வண்டி திரும்புமான்னு பாக்க."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர், "சில்லு பூட்டின வீட்ட எவன் குடுப்பான்? நான் அப்பவே நெனச்சேன்" என்றார், சக்கரத்தைக் காட்டி. யாரும் சிரிக்கவில்லை. வாளிக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவோரம் நின்ற ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். லெச்சுமியின் மகள், புனிதா. பதுளையில் துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"அம்மா உள்ள வச்சுக் கேட்டாங்கள்ல?" என்றாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

தூக்க ஆள் வேண்டியிருந்தது என்று எப்படிச் சொல்வது? அவள் கானையும் வண்டியையும் பார்த்தாள். அவளுக்கே புரிந்துவிட்டது. அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"விடு புள்ள" என்றாள் லெச்சுமி. "திரும்ப போயி சொல்லணும். அந்தாளு ஐயர் வீட்டுக்குக் கெளம்பிருவாரு."

"நான் சொல்றேன். நான் வரேன்" என்றேன். அதுவாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

பாதை செங்குத்து. முழங்கால் வலிக்காரி நான், இரண்டு இடத்தில் வழுக்கினேன். லெச்சுமிதான் கையைப் பிடித்து ஏற்றினாள். மிஸ் போய் அக்கா ஆகியிருந்தேன். "அவங்க கெட்டவங்க இல்லக்கா" என்றாள் வழியில். "பொண்ணு பாக்க வந்தப்ப அவங்கள ஒக்கார வைக்க எடமில்ல. பக்கத்து மறைப்புல ஒரு புள்ள கக்கிக்கிட்டு கெடந்துச்சு. கல்யாணம் கட்டி மகன் மாமியா வீட்டுக்கு வந்தா எங்க தங்குறதுன்னு யோசிப்பாங்கல்ல. நானா இருந்தாலும் யோசிப்பேன்."

பாறை மேல் ஏறி நின்றோம். கீழே ஸ்டோரும் முற்றமும் எங்கள் வண்டியும் தெரிந்தன. மேலிருந்து பார்க்க அது அசல் வீடு மாதிரியே இருந்தது. லெச்சுமி எண்ணைப் போட்டு என் கையில் போனைக் கொடுத்தாள்.

"வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கேன். இங்க அளந்தது நான்தான். அது வீட்டுக்கு அளக்கலைங்க."

"அப்ப எதுக்கு அளந்தீங்க?" என்றது ஒரு பெண் குரல். மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க வண்டி திரும்புமான்னு பாக்க."

அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள். "எங்க வீட்டு ஆளு சட்டைய மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாருங்க" என்றார் அந்தம்மா.

"தப்பு என்னோடதுங்க. லெச்சுமி பொய் சொல்லல. கேட்டப்ப நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அது தெரியும்."

"அப்ப தேதிய மட்டும் தள்ளிப் போடாம..."

வெலிமடையில் யாரோ யாரையோ உள்ளே வரச் சொன்னார்கள்.

"சரிங்க" என்றார் கடைசியில். "பாக்கலாம்."

போனை வைத்துவிட்டார். லெச்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இதற்கு மேல் அவளிடம் ஒரு பொய் சொல்ல எனக்கு முகமில்லை. "பாக்கலாம்னு சொன்னாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வண்டிக்குள் ஆட்டியபோது இருந்தது இதில் இல்லை. போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றாள்.

கிளம்பும்போது பசறைக்கு எந்தக் கான்கிரீட் ரோடு நல்லது என்று அவளே ஜன்னலோரம் வந்து சொன்னாள். மகராசியை நான் அணைத்துவிட்டேன். "போய்ச் சேந்ததும் ஒரு கோல் எடுங்கக்கா. இந்த வீட்டையும் இழுத்துக்கிட்டுப் போறீங்க, மனசு கேக்காது" என்றாள். புனிதா அம்மாவின் எண்ணைச் சொல்லிவிட்டு, என் எண்ணை வாங்கித் தன் போனில் பதிந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் பதிந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் "நீதானே சொன்ன" என்று சொல்லவில்லை. சொன்னால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொழும்பில் வண்டியை ஒப்படைத்தோம். சிவநேசன் நோட்டமிட்டுவிட்டு, ஒரு கீறல்கூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். சாக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் வண்டியின் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். முன்னால் அனுப்பிய தகவலை அழித்துவிடச் சொல்லி, வேறு எழுதிக் கொடுத்தேன். டவுனுக்குள் போன் போதும், ஆனால் சந்தைப் பக்கம் அதை நம்ப வேண்டாம். மலைக்குக் காகித வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள், எது ஏற்றம் எது இறக்கம் என்றாவது தெரியும். அந்தக் கருவி பச்சைக் கோடு போட்டால் கண்ணாடியை இறக்கி யாரிடமாவது கேளுங்கள், நனைந்தாலும் பரவாயில்லை. தோட்டத்து ரோட்டில் வண்டியைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு நடந்து போங்கள். அளக்க வேண்டியிருந்தால், எதற்கு அளக்கிறீர்கள் என்று முதலில் அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு அளங்கள். கடைசி வரியைப் படித்துவிட்டு, "இது வாடிக்கையாளருக்குத் தேவையா அக்கா?" என்றார். தேவை என்றேன்.

லெச்சுமிக்குப் போன் பண்ணவில்லை. கொழும்பில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். கோயம்புத்தூர் வந்த பிறகு அந்தச் சாக்கும் இல்லை. என்ன கேட்பது, தேதி வைத்தார்களா என்றா?

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது புனிதாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. வணக்கம், நலமா ஒன்றும் இல்லை. "அம்மா கேக்க சொன்னாங்க. வண்டி நல்லபடியா போய் சேந்துச்சா?"

அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சேந்துட்டோம்மா" என்று அனுப்பினேன். பிறகு கல்யாணத் தேதி என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன்.